ஒரு நாளும் நிற்காத நிலையம்

கடலுக்குக் கஞ்சி ஊற்றுகிற வேலை என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். யாகப்பர்குடியில் யாரும் சிரிப்பதில்லை. ஆறு வருடமாக அந்த ஊரே அந்தக் கஞ்சியை நம்பித்தான் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தது.

பெருவெக்கை என்று பிற்பாடு பெயர் வைத்தார்களே, அந்த மூன்று கோடைகளில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் முதலில் வெளிறின, பிறகு பாசி படிந்து கறுத்தன, பிறகு செத்தன. பாறை செத்தால் மீன் முட்டையிட இடம் ஏது? போன வள்ளங்கள் வெறும் வலையோடு திரும்பின. உலகம் முழுக்க இதே ஒப்பாரிதான். அரசாங்கங்கள் மாநாடு போட்டு அறிக்கை அச்சடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் எதிர்பாராத ஒரு கூட்டு உருவானது. கிறிஸ்தவ சபைகளும் யூத சபைகளும் சேர்ந்து 'செப்பம்' என்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கின. உடைந்துபோன உலகத்தைச் செப்பனிடுவது மனிதன்மேல் விழுந்த கடமை என்பது யூதர்களின் பழைய நம்பிக்கை. படைத்தவன் ஒப்படைத்ததைப் பேண வேண்டும் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. இரண்டாயிரம் வருடக் கசப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒரே வேலையில் கை வைத்தார்கள். நல்ல காரியம்தான். இன்றைக்கும் அதை நல்ல காரியமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அவர்கள் கண்டுபிடித்தது ஓர் உயிர்ப்படலம். செத்த பாறைமேல் தோல் மாதிரி படரும். அதற்கடியில் பவள உயிர்கள் மறுபடி குடியேறி, வெந்நீர்க் கடலிலும் தாக்குப்பிடித்து வளரும். படலத்துக்குத் தீனி வேண்டும். கடலடியில் போட்ட முப்பது குழாய்கள் வழியாக ஒரு கரைசல் இரவு பகல் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதைத்தான் ஊரில் கஞ்சி என்றார்கள். வேறொரு கடற்கரையில் இந்த வேலையை இயந்திரத்திடம் விட்டுப் பார்த்ததில் ஒரு வளைகுடாவே வெந்துபோனது. அதிலிருந்து மணிக்கொரு முறை மனிதக் கண் படலத்தின் நிறத்தைப் பார்த்து, மனிதக் கைதான் குழாயின் திருகைத் திருப்ப வேண்டும் என்று சட்டமாகிவிட்டது.

அங்கேதான் சிக்கல் வந்தது. யாகப்பர்குடியில் ஞாயிற்றுக்கிழமை கடல் தொழில் கிடையாது. சுனாமிக்கு முன்பிருந்தே, அதற்கும் முன்பிருந்தே கிடையாது. சனிக்கிழமை இரவு கோயில் மணி அடித்துவிட்டால் திங்கள் விடியும்வரை எவனும் தண்ணீரில் வேலையென்று கால் வைக்க மாட்டான். செப்பத்தின் தலைமையகம் அதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தது. நிலையத்தில் ஆறு பேர் கத்தோலிக்கர், ஆறு பேர் யூதர். யூதர்களின் ஓய்வு வெள்ளி சாயங்காலத்தில் தொடங்கிச் சனி இரவு முடிந்துவிடும். ஒருவர் ஓயும்போது மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தவரின் வழிபாட்டை மதித்த மாதிரியும் ஆயிற்று, வேலையும் நிற்காது.

ஊர்ப்பக்கத்து ஆறு பேருக்குப் பொறுப்பு ஜெசிந்தா கொரைரா. நாற்பத்து நான்கு வயது. நீரியல் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். மற்ற ஆறு பேருக்குப் பொறுப்பு மொர்தெகாய். அவருடைய தாத்தா கொச்சியில் மட்டாஞ்சேரியிலிருந்து இஸ்ரேலுக்குக் கப்பலேறியவர். மொர்தெகாய் பிறந்து வளர்ந்தது அங்கே பாலைவன ஓரத்தில் ஒரு விவசாயக் குடியிருப்பில், வீட்டுப் பேச்சு மட்டும் மலையாளம். இங்கே வந்து தமிழ் கற்றுக்கொண்டார், ஆனால் மலையாளம் அதைவிட்டுப் போகவில்லை. முதல் வருடம் அவரை 'சார்' என்று அழைத்த ஜெசிந்தாவுக்கு இரண்டாம் வருடம் அவர் 'அண்ணே' ஆகிவிட்டார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அவள்தான் அவரை வீட்டுக்கு விரட்டுவாள். மெழுகுவர்த்தி ஏற்ற நேரமாகிவிட்டது என்பாள். மறுநாள் ஓய்வு முடிந்ததற்கு அடையாளமாக வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் அவர் வந்து நின்று, காலைப் பூசைக்குப் பிந்திவிடாதே, போய்ப் படு என்று அவளை விரட்டுவார். ஆறு வருடத்தில் ஒரு மணி நேரம்கூட அங்கே கஞ்சி நிற்கவில்லை. உலகத்தின் நாற்பத்தொரு நிலையங்களில் அதுதான் முதலிடம். கேடயம் வந்தது, பாராட்டுக் கடிதம் வந்தது. இந்த ஏற்பாட்டைப் பார்த்து மற்ற நிலையங்கள் பலவற்றிலும் அதையே செய்தார்கள்.

ஆனால் ஜெசிந்தாவுக்குத் தூக்கத்திலும் நினைவிருப்பது கேடயம் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவள் பீடத்துக்கு முன்னால் நின்று ஊரைக் கேட்டது. ஏழு வருடம் கடலுக்குப் போகாதீர்கள், வள்ளங்களைக் கரையேற்றி வையுங்கள், எட்டாம் வருடம் உங்கள் அப்பன்மார் கண்ட கடலைத் திருப்பித் தருகிறேன் என்றாள். தருகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை, தருகிறேன் என்றாள். நானூறு குடும்பம் அவள் பேச்சைக் கேட்டது. அன்றையிலிருந்து ஆண்கள் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறார்கள். கடல் தண்ணீரில் வெடிக்காத கையெல்லாம் உப்பில் வெடித்துவிட்டது. அவள் தம்பி கஸ்பார் அந்தக் கரையின் பேர்போன சங்குகுளிக்காரன். அவனும் அங்கேதான் உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தம்பியோடுதான் அவளுக்கு மூன்று வருடத்துக்கு முன் பெரிய சண்டை வந்தது. கரையை ஒட்டிய பத்தொன்பதாம் குழாயின் திருகு ஞாயிறுதோறும் மூடிக்கிடப்பதை யதேச்சையாகக் கண்டுபிடித்தாள். விசாரித்தால், தொடக்கத்திலிருந்து கஸ்பார்தான் பூசைக்குப் போகும் வழியில் மூடிவிட்டு, திங்கள் காலை உப்பளத்துக்குப் போகும்போது திறந்து விட்டிருக்கிறான். கணக்குத்தாளில் கோடு சரியாகத்தான் இருந்தது. நிலையத்துக்குள் இருக்கும் திருகுகளை மட்டும்தான் அது குறிக்கும், இந்தத் திருகு வெளியே இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, ஞாயித்துக்கிழம நம்ம கரையில எதுக்கு வேல நடக்கணும் என்றான். அவ்வளவுதான் அவன் தத்துவம். ஊர்க்கடல் அழியப் பார்க்கிறாயா என்று அவனைத் தெருவில் வைத்துக் கத்தித் தீர்த்தாள். மறுநாள் அந்தத் திருகுக்கு இரும்புப் பெட்டி அடித்துப் பூட்டும் போட்டாள். அவன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தப் புதன்கிழமை காலை மொர்தெகாய் ஓர் அலுமினியத் தட்டோடு அவள் அறைக்கு வந்தார். தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பவளத்துண்டு. ஏழாம் குழாயின் வாயில் வந்து அடைத்துக்கொண்டதாம். பாறையில் கை வைக்கவோ வெட்டியெடுக்கவோ ஏழு வருடத்துக்குத் தடை. வளர்ச்சி கெடும் என்று விதி. அதனால் இவ்வளவு நாளும் எல்லாரும் கேமராவில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராவில் கடலடி திருவிழாப் பந்தல் மாதிரி ஜொலித்தது. தானாகவே உடைந்து வந்த முதல் துண்டு இதுதான்.

தொட்டுப் பார் என்றார். தொட்டாள். பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போனது.

ஏதோ ஒரு துண்டு நோய் கண்டிருக்கும் என்றாள் ஜெசிந்தா. விதியை மீறி இரண்டு நாளாகப் பத்து இடத்தில் துண்டு எடுத்திருப்பதாக மொர்தெகாய் அப்புறம்தான் சொன்னார். பத்தும் ஒரே மாதிரி. நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். படலத்துக்கும் பவளத்துக்கும் நடுவே பழுப்பாக ஒன்று தடித்துக் கிடந்தது.

"இது படலத்தின்றெ கழிவு. பசி வரும்போதுதான் படலம் தன் கழிவைத் தானே தின்னும். வெறும் வயிறா கிடந்தால்தான் வீடு பெருக்கும், மனசிலாயோ? நாம் ஆறு கொல்லமா, ஆறு வருசமா அதுக்கு ஒரு நாள்கூட பசி காட்டியிட்டில்லா. கழிவு அடியில் கட்டிக்கட்டி, பவளத்தெ கரைக்குது."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துப் பயிற்சியில் எழுதும். நாற்பத்தொரு நிலையத்து முனைவர் பட்டங்களுக்கும் அது உறைக்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில் ஏன் தெரியவில்லை என்று ஜெசிந்தா கேட்டாள். தெரிய வழியே இல்லையாம். பரிசோதனைக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் தொட்டி கழுவுவார்களாம், அன்றைக்குத் தீனி கிடையாது. அதை யாரும் குறிப்பில் எழுதவில்லை, வேலையில்லாத நாளை யார் எழுதுவார்கள்?

அவளுக்கு நம்ப மனமில்லை. பத்தொன்பதாம் குழாய்ப் பக்கம் எடுத்தீர்களா என்று கேட்டாள். எடுக்கவில்லை என்றார். இருவரும் படகில் போனார்கள். அவர் மூழ்கி எடுத்துவந்த துண்டைக் கத்தியால் அறுத்தார்கள். மேல்பாதி மாவு. கீழ்ப்பாதியில் கத்தி இறங்கவில்லை. கல், நல்ல வெள்ளைக் கல். வளையங்களை எண்ணினார்கள். முதல் மூன்று வருடம் கல், பின் மூன்று வருடம் மாவு. பூட்டுப் போட்டது எந்த மாதம் என்று ஜெசிந்தாவுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மொர்தெகாய் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டே பேசினார்.

"ஏழாம் கொல்லம் வயலை தரிசா போடுற ஊரில் பிறந்தவன் ஞான். என் அப்பன் அந்தக் கொல்லம் மண்ணில் ஒரு விரல் வைக்க மாட்டார். ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்கு. நாம் ரெண்டு கூட்டரும் நமக்கு மாத்திரம் எடுத்துக்கிட்டோம். நீ ஓயும்போ ஞான் ஊட்டினேன். ஞான் ஓயும்போ நீ ஊட்டினாய். அந்தப் படலத்துக்கு மட்டும் ஒரு நாளும் தந்நில்லா."

இப்போது நிறுத்தினால் என்ன என்று அவள் கேட்டாள். உடனே கரைக்குப் போய் முப்பது திருகையும் மூடிவிடலாம் என்றாள். மூடினால் பசிக்கும், பசித்தால் கழிவைத் தின்னும், ஆறு வருடக் கழிவை ஒரேயடியாகத் தின்றால் அதுவே விஷம். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். மூடாவிட்டால்? மூடாவிட்டால் நான்கு மாதம். வடகிழக்குப் பருவக்காற்றின் முதல் அலையில் மொத்தமும் இடிந்து விழும்.

"கொஞ்சம் கொஞ்சமா பட்டினி பழக்க முடியாதா அண்ணே?"

"ரெண்டு கொல்லம் முன்னே எங்கில் முடிஞ்சிருக்கும். கழிவு அப்போ மெல்லிசு. அன்னைக்கு ஆராவது ஒருத்தர் இதிலே கை வச்சு பாத்திருந்தா, மதி, அது போதும், பிழைச்சிருக்கும். இப்போ பற்றில்லா, முடியாது, ஜெசிந்தா. ஞான் கணக்கு மூணு தடவை போட்டு நோக்கியாச்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழி உடைந்து வருடக்கணக்காகிவிட்டது, இவர்கள்தான் கடைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

தலைமையகத்துக்கு அன்றே எழுதினார்கள். வியாழன் மதியம் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். வேறு ஒன்பது நிலையங்களிலிருந்தும் இதே செய்தி வந்திருக்கிறதாம். நிற்காமல் ஊட்டிய நிலையங்களில்தான் சேதம் அதிகமாம். வல்லுநர் குழு இரண்டு மாதத்தில் கூடுமாம். அதுவரை ஊட்டுவதைத் தொடரவும், பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டாம், இறைவன் உங்கள் உழைப்பை ஆசீர்வதிப்பாராக என்று முடிந்திருந்தது. கீழே ஒரு பேராயரும் ஒரு ரபியும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது மொர்தெகாய் எழுந்து கிளம்பவில்லை. ஜெசிந்தாவும் விரட்டவில்லை. கடைசியில் அவராகவே எழுந்து, இன்றைக்கு ஓய்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இருபத்தைந்து மணி நேரமும் ஜெசிந்தா தன் ஆட்களோடு திருகைத் திருப்பினாள். சாகப்போகிற நோயாளிக்கு வாயில் பால் ஊற்றுகிற மாதிரிதான் இருந்தது. நிறுத்தவும் கை வரவில்லை, ஊட்டவும் கை கூசியது. ஊட்டினாள். வேறென்ன செய்வாள்? தன் ஆட்களிடம்கூட அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நிறம் நல்லா இருக்குக்கா என்று ஒருத்தி சொன்னபோது ஆமா என்று தலையாட்டினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அதே பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். கடிதம் வேண்டாமென்று சொன்னதை அவள் மதிக்கவில்லை. வாக்குக் கொடுத்தது தலைமையகம் இல்லை, அவள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். பாறை செத்துக்கொண்டிருக்கிறது, மழைக்காலம் தாண்டாது, எட்டாம் வருடம் மீன் வராது, காப்பாற்ற வழியில்லை. நாங்கள் நல்லதென்று நினைத்துச் செய்ததுதான் கொன்றிருக்கிறது. பத்தொன்பதாம் குழாயைப் பூட்டியது நான்.

நானூறு குடும்பமும் கேட்டுக்கொண்டிருந்தது. யாராவது எழுந்து திட்டுவார்கள் என்று காத்திருந்தாள், திட்டினால் கொஞ்சம் தேவலாம்போல இருந்தது. யாரும் திட்டவில்லை. பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை மட்டும் அழுதது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து, நெற்றியில் தீர்த்தம் தொட்டுக்கொண்டு வெளியே போனார்கள். வள்ளம் விற்றவர்கள் போனார்கள், மகளைப் படிப்பை நிறுத்தி உப்பளத்துக்கு அனுப்பியவர்கள் போனார்கள். வெடித்த உள்ளங்கைகளைப் பார்க்காமலிருக்க அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே கஸ்பார் காத்திருந்தான். மூன்று வருடமாக அவர்களுக்குள் சரியான பேச்சில்லை. அவன் அவள் பக்கத்தில் நடந்தான். கடற்கரைச் சாலையில் பாதி தூரம் வந்த பிறகு அவள்தான் நின்று, என்னை நாலு வார்த்தை கேளுல, உனக்கு உரிமை இருக்கு என்றாள். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எக்கா, எங்களுக்குத் தெரியும்."

அவளுக்குப் புரியவில்லை.

"நானும் இன்னும் மூணு பேரும் ரெண்டு வருசத்துக்கு முந்தி உள்ள முங்கிப் பாத்தோம். புடிக்கக் கூடாதுன்னுதான சொன்ன, பாக்கக் கூடாதுன்னு சொல்லல. பாறையப் புடிச்சா கை உள்ள போவுது. புட்டு கணக்கா உதுருது. நாங்க பயந்துட்டோம்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே சொன்னான்.

"அந்த மாசந்தான் உனக்குக் கேடயம் வந்திச்சு. நீயும் கொச்சிக்காரரும் சின்னப்புள்ளையல் மாதிரி சிரிச்சிட்டு நிக்கிய. அந்த மனுசன் ஊரு, நாடு எல்லாத்தையும் விட்டுட்டு நமக்காக வந்து கெடக்காரு. இதப் போயி எப்பிடிச் சொல்லுததுன்னு இருந்திச்சி. சொன்னா நீ ஒடஞ்சு போயிருவேன்னு நெனச்சோம். பொறவு, படிச்சவிய பாத்துக்கிடுவாவ, இது ஒரு பக்குவமா இருக்கும், போகப்போக இறுகிரும்னு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிட்டோம். பேசாம உப்பளத்துக்குப் போனோம்."

இரண்டு வருடம். ஒன்றுமில்லாததற்காக என்று பாதி தெரிந்தே இரண்டு வருடம் உப்பு வாரியிருக்கிறார்கள், அவள் முகம் வாடிவிடக் கூடாது என்று. சாலைக்குக் கீழே நிலையத்தின் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அது ஞாயிறு, மொர்தெகாய் உள்ளே திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கஸ்பார் அவள் கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. சின்ன வயதில் அடி வாங்கப் போகிறவன் மாதிரி அவளைப் பார்த்தான்.

"அப்பமே சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருக்க முடியுமாக்கா?"

ஜெசிந்தா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லடா" என்றாள். "அப்பமும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

அவன் பெருமூச்சு விட்டான். இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.